ஒரு கூட்டமைப்புக்கு எத்தனை பட்டங்கள்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கணக்கு முறை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிய செய்திகளில் “பேக்-12 கூட்டமைப்பு 500-க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்றது” என்பது போன்ற வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. வாக்கியம் பொய்யன்று. ஆனால் அதைப் படிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதில் இல்லாத ஒன்றைப் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் மேற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கொண்டிருந்த அந்தக் கூட்டமைப்பு கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் பல்லாண்டுகளாக நாட்டையே ஆண்டு வந்தது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் உறுப்புக் கல்லூரி ஒன்று ஆடவர் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் பெற்றது 1997-இல், அரிசோனா பல்கலைக்கழகம் வென்றபோதுதான் கடைசி. அப்படியானால் அந்த ஐந்நூறும் எங்கிருந்து வந்தன, அவற்றை யார் வென்றார்கள், யார் எண்ணினார்கள் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறுவட்டப் போட்டியும் கூட்டமைப்பும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் குறுவட்ட விளையாட்டுப் போட்டி தெரிந்திருக்கும். அருகருகே உள்ள பள்ளிகள் முதலில் தமக்குள் மோதும். அங்கு வென்றவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்கும், பின்னர் மாநிலப் போட்டிக்கும் செல்வார்கள். ஒரு குறுவட்டத்தைச் சேர்ந்த பள்ளிகள் இதுவரை பன்னிரண்டு மாநிலப் பட்டங்களைப் பெற்றிருந்தால், “எங்கள் குறுவட்டத்துக்குப் பன்னிரண்டு மாநிலப் பட்டங்கள்” என்று யாரேனும் பெருமையாகச் சொல்லக்கூடும். ஆனால் குறுவட்டம் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை, ஓடியவை பள்ளிகள். குறுவட்டத்தின் பெயரில் சொல்லப்படும் எண்ணிக்கை அந்தப் பள்ளிகளின் வெற்றிகளை யாரோ ஒருவர் கூட்டிப் போட்ட தொகை மட்டுமே.

அமெரிக்காவில் கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்பும் இந்த அளவில் குறுவட்டத்தைப் போன்றதே. ஆனால் ஒப்புமை இத்துடன் முடிந்துவிடுகிறது. எந்தப் பள்ளி எந்தக் குறுவட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கல்வித்துறை முடிவு செய்கிறது. அமெரிக்கக் கூட்டமைப்போ பல்கலைக்கழகங்கள் தாமாக முன்வந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அமைவது. விரும்பினால் உறுப்பினர் விலகி வேறொரு கூட்டமைப்பில் சேர்ந்துகொள்ளலாம். பட்டக் கணக்கில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

கூட்டமைப்புக்கும் தேசியச் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு

கூட்டமைப்புகளில் மூத்தவற்றுள் ஒன்றான பிக் டென், 1896-இல் சிகாகோ, மிச்சிகன், விஸ்கான்சின் உள்ளிட்ட ஏழு பல்கலைக்கழகங்களைக் கொண்டு உருவானது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1906-இல், நாடு முழுவதற்குமான சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. 1910 முதல் அது என்சிஏஏ என்று அழைக்கப்படுகிறது. அதாவது, தேசியச் சங்கம் கீழே கிளைகளைத் திறந்து கூட்டமைப்புகளை உருவாக்கவில்லை. கூட்டமைப்புகள் முன்பே இருந்தன. தேசியச் சங்கம் பின்னால் வந்தது. (பிக் டென்னில் இப்போது 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், பிக் 12 என்னும் கூட்டமைப்பில் 16 பேர் இருக்கிறார்கள். பெயரில் உள்ள எண்ணை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.)

என்சிஏஏ தன் உறுப்பினர்களை 1973 முதல் மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. பெரும் செலவில் விளையாட்டுத் துறையை நடத்தும் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் இருக்கின்றன. செய்திகளில் அடிபடும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதால், இங்கும் அதைப் பற்றியே பேசுகிறோம்.

ஒவ்வொரு கூட்டமைப்பும் எந்தெந்த விளையாட்டுகளுக்குத் தான் போட்டி நடத்தும் என்பதைத் தானே முடிவு செய்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் வாட்டர் போலோ (நீரில் ஆடும் பந்தாட்டம்) அணி இருக்கலாம், ஆனால் அதன் கூட்டமைப்பு வாட்டர் போலோவை நடத்தாமல் இருக்கலாம். அப்போது அந்த ஓர் அணி மட்டும் வேறொரு கூட்டமைப்பில் ஆடும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கூட்டமைப்புப் பட்டமும் தேசியப் பட்டமும்

ஒரு கூட்டமைப்பின் உறுப்பினர்கள் தமக்குள் மோதி முதலிடம் பெறுவது கூட்டமைப்புப் பட்டம். நாடு முழுவதிலிருந்தும் வரும் அணிகளுக்கிடையே நடக்கும் இறுதிப் போட்டித் தொடரில் வெல்வது தேசியப் பட்டம். முதலாவது ஆண்டுதோறும் கட்டாயம் அந்தக் கூட்டமைப்பிற்குள் யாருக்காவது கிடைக்கும்; ஆகவே “இந்தக் கூட்டமைப்பு எத்தனை கூட்டமைப்புப் பட்டங்களை வென்றது” என்ற கேள்விக்கே பொருள் இல்லை. கல்லூரிகளை ஒப்பிடத்தான் அது பயன்படும். கூட்டமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் தேசியப் பட்டங்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டமைப்புப் பட்டத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூடைப்பந்தில் முதலில் பல வாரங்களுக்கு லீக் ஆட்டங்கள் நடக்கும். அவை முடிந்ததும் சில நாள்களில் நாக் அவுட் தொடர் ஒன்று நடக்கும். லீக்கில் முதலிடம் பெற்ற அணியும் தொடரை வென்ற அணியும் வேறு வேறாக இருந்தால் யார் சாம்பியன்? 1953-இல் தொடங்கப்பட்ட ஏசிசி கூட்டமைப்பின் மரபில் நாக் அவுட் தொடரை வென்றவரே சாம்பியன். லீக்கில் யார் முதலிடம் என்பது இரண்டாம்பட்சம். பிக் டென்னிலோ லீக் முதலிடமே கூட்டமைப்புப் பட்டம். 1998-இல் தொடங்கிய நாக் அவுட் தொடரின் வெற்றி தனிக் கணக்கு. ஆனால் தேசியத் தொடருக்கான நேரடி நுழைவு இரண்டு இடங்களிலும் நாக் அவுட் தொடரை வென்றவருக்கே கிடைக்கிறது. லீக்கில் முதலிடம் பெற்ற அணியைத் தேர்வுக் குழு தனியாக அழைக்க வேண்டியிருக்கும். பெரிய கூட்டமைப்புகளில் அந்த அழைப்பு வந்துவிடும், சிறிய கூட்டமைப்புகளில் பல முறை வருவதில்லை.

இன்னும் சில இடங்களில் ஒரே பட்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய ஐவி லீக்கில், அமெரிக்கக் கால்பந்தில் (இனி இக்கட்டுரையில் கால்பந்து என்றால் இதுவே) சம வெற்றிகள் பெற்றவர்களுக்கிடையே தனி ஆட்டம் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமில்லை. 2024-இல் கொலம்பியா, டார்ட்மத், ஹார்வர்டு ஆகிய மூன்றும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. மூன்று பல்கலைக்கழகங்களும் தத்தம் கணக்கில் ஒவ்வொரு பட்டத்தைச் சேர்த்துக்கொள்வது முறையானதே. 1961-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டத்தைத் தொட்ட கொலம்பியாவிடம் “மூன்றில் ஒரு பங்குதானே” என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆயினும் கல்லூரிகளின் எண்ணிக்கைகளைக் கூட்டினால் வரும் தொகை, நடந்த போட்டிப் பருவங்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பட்டம் வெல்வது கல்லூரி, கூட்டமைப்புகளை ஒப்பிட உதவுவது தேசியப் பட்டம், கூட்டமைப்புப் பட்டம் யாருக்கு என்பதையும் அந்தந்தக் கூட்டமைப்பின் விதிதான் முடிவு செய்கிறது.

அணிப் பட்டமும் தனிநபர் பட்டமும்

டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் ஷங்கர், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2018-இலும் 2022-இலும் என்சிஏஏ தடகளப் பட்டத்தை வென்றார். இவை தனிநபர் பட்டங்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் தடகள அணிப் பட்டம் அவருடைய பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கவில்லை. முதலாவது ஜார்ஜியாவுக்கும் அடுத்தது புளோரிடாவுக்கும் சென்றது.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. தேசியத் தடகளத்தில் ஒவ்வொரு போட்டியிலும் முதல் எட்டு இடங்களுக்கு முறையே 10, 8, 6, 5, 4, 3, 2, 1 எனப் புள்ளிகள் தரப்படும். எல்லாப் போட்டிகளிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் வீரர்கள் பெற்ற புள்ளிகளைக் கூட்டினால் அணியின் மொத்தம் கிடைக்கும். உயரம் தாண்டுதலில் ஒருவர் முதலிடம் பெற்றால் அணிக்குப் பத்துப் புள்ளிகள். அதற்குமேல் வேண்டுமானால் குறுந்தூர ஓட்டம், தொடர் ஓட்டம், எறிதல் என்று பல இடங்களில் ஆள் இருக்க வேண்டும். குறுக்கு நாட்டு ஓட்டத்தில் கணக்கு தலைகீழானது: ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த தொகை பெற்ற அணி வெல்லும். தனி ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கு அணிப் பட்டம் கிடைக்காது.

கூட்டமைப்புகள் தரும் பெரிய எண்ணிக்கைகள் வழக்கமாக அணிப் பட்டங்களைக் குறிப்பவை. எனினும் சில விளம்பரக் குறிப்புகள் தனிநபர் பட்டங்களையும் சேர்த்து ஒரு பெருந்தொகையைச் சொல்கின்றன. நீச்சல், தடகளம், மல்யுத்தம் போன்றவற்றில் ஓர் ஆண்டிலேயே பத்தோ அதற்கு மேலோ தனிநபர் பட்டங்கள் வழங்கப்படுவதால், இரண்டையும் கலந்தால் எண் மிக விரைவாக வீங்கிவிடும்.

பட்டத்தை வழங்கியவர் யார்

இங்குதான் புதியவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். கல்லூரி விளையாட்டில் அதிகப் பார்வையாளர்களைக் கொண்ட முதல் பிரிவுக் கால்பந்தின் உயர்மட்டத்துக்கு என்சிஏஏ பட்டம் என்ற ஒன்றே இல்லை. அதே பிரிவின் அடுத்த மட்டத்துக்கு என்சிஏஏ நாக் அவுட் தொடர் நடத்திப் பட்டம் வழங்குகிறது, உயர்மட்டத்துக்கு வழங்குவதில்லை. அங்கு 1936 முதல் ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பும், 1950 முதல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் சாம்பியனைச் சொல்லி வந்தன. 1998 பருவம் முதல் 2013 பருவம் வரை தரவரிசையில் முதல் இரண்டு அணிகளை மோதவிடும் ஏற்பாடு இருந்தது. 2014 பருவத்தில் நான்கு அணிகளுடன் தொடங்கிய பிளே-ஆஃப் தொடர், 2024 பருவத்தில் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. இவற்றில் ஒன்றைக்கூட என்சிஏஏ நடத்தவில்லை.

இதன் விளைவு வேடிக்கையானது. அலபாமா பல்கலைக்கழகம் தனக்கு 18 தேசியக் கால்பந்துப் பட்டங்கள் உண்டு என்கிறது. என்சிஏஏ அணிப் பட்டங்களின் பட்டியலில் அந்தப் பதினெட்டில் ஒன்றும் இடம்பெறாது. 1997-இல் ஒரு வாக்கெடுப்பு மிச்சிகனையும் மற்றொன்று நெப்ராஸ்காவையும் முதலிடத்தில் வைத்ததால் இரண்டும் சாம்பியன்களாயின. 2017 பருவத்தில் பிளே-ஆஃபை வென்றது அலபாமா. ஆனால் ஓர் ஆட்டத்திலும் தோற்காத சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம், தொடருக்கு அழைக்கப்படாத நிலையில், தானும் தேசியச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது. அந்த அறிவிப்பைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவில்லாத இடத்தில் அப்படி அறிவிப்பதில் பெரிய குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மகளிர் விளையாட்டிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. முதல் பிரிவு மகளிருக்கான பட்டங்களை என்சிஏஏ 1981-82 ஆண்டில்தான் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஏஐஏடபிள்யூ என்னும் மகளிருக்கான தனிச் சங்கம் தேசியப் போட்டிகளை நடத்தி வந்தது. 1981-82 ஆண்டில் மட்டும் இரண்டு சங்கங்களும் போட்டி நடத்தியதால், மகளிர் கூடைப்பந்தில் என்சிஏஏ பட்டத்தை லூசியானா டெக்கும், ஏஐஏடபிள்யூ பட்டத்தை ரட்கர்ஸும் வென்றன. அதன் பின்னர் பழைய சங்கம் மூடப்பட்டது. என்சிஏஏ பட்டங்களை மட்டும் எண்ணினால் அதற்கு முன் வென்ற பெண்களின் பட்டங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. யூட்டா பல்கலைக்கழக மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்குப் பத்துத் தேசியப் பட்டங்கள் என்றும், ஒன்பது என்றும் இருவேறு எண்கள் எழுதப்படுவதற்கு இதுவே காரணம்: 1981-இல் வென்றது பழைய சங்கத்தின் பட்டம், 1982 முதல் 1995 வரை வென்ற ஒன்பதும் என்சிஏஏ பட்டங்கள். ஆடவர் படகோட்டத்துக்கும் என்சிஏஏ பட்டம் கிடையாது. 1895-இல் தொடங்கிய தனிப் படகுப் போட்டி ஒன்றே அதற்குத் தேசியப் போட்டியாக விளங்குகிறது.

எந்த விளையாட்டில் வென்றார்கள்

அணிப் பட்டக் கணக்கில் எல்லா விளையாட்டும் சமம். கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆடவர் கூடைப்பந்துப் பட்டமும், சில ஆயிரம் பேர் முன் நடக்கும் வாட்டர் போலோ பட்டமும் பட்டியலில் ஒவ்வொன்றாகவே ஏறும். ஆகவே அதிக விளையாட்டுகளில் அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் முன்னிலை பெறுவது இயல்பு. கால்பந்தின் உயர்மட்டத்தில் இருக்க ஒரு பல்கலைக்கழகம் குறைந்தது 16 விளையாட்டு அணிகளை நடத்த வேண்டும் என்பது என்சிஏஏ விதி. ஸ்டான்ஃபோர்டு 36 அணிகளை நடத்துகிறது. 2020-இல் பணப் பற்றாக்குறையைக் காட்டிப் பதினோரு அணிகளைக் கலைக்கப்போவதாக அது அறிவித்து, பழைய மாணவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2021-இல் அந்த முடிவைக் கைவிட்டது. என்சிஏஏ அணிப் பட்டங்களில் நாட்டிலேயே முதலிடம் ஸ்டான்ஃபோர்டுக்கு. அடுத்த இடங்களில் யூசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மூன்றும் ஒவ்வொன்றாக நூறைத் தாண்டியவை. முதலில் நூறைத் தொட்டது யூசிஎல்ஏ, 2007-இல், மகளிர் வாட்டர் போலோவில். இந்த மூன்றும் ஒரே கூட்டமைப்பில் இருந்தன என்பதைச் சொன்னாலே பேக்-12-இன் ஐந்நூறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேக்-12 என்ற பெயரில் இயங்கிய காலத்தில் அது வாட்டர் போலோவையும் ஆடவர் வாலிபாலையும் நடத்தவில்லை. மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் அந்த அணிகள் மவுண்டன் பசிபிக் ஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் என்னும் வேறொரு அமைப்பில் ஆடின. யூசிஎல்ஏவின் ஆடவர் வாலிபால் அணி அல் ஸ்கேட்ஸ் என்னும் ஒரே பயிற்சியாளரின் கீழ் 19 தேசியப் பட்டங்களை வென்றது. அவற்றில் ஒன்றும் பேக்-12 நடத்திய வாலிபால் பருவத்திலிருந்து எழுந்ததன்று, ஏனெனில் அப்படி ஒரு பருவமே இல்லை. கல்லூரி உறுப்பினராக இருப்பதை வைத்து எண்ணினால் அவை பேக்-12-க்கு உரியவை. அந்த அணி எங்கே ஆடியது என்பதை வைத்து எண்ணினால் உரியவையல்ல. 2024 டிசம்பரில் இந்த வினோதம் மேலும் வெளிப்படையானது. அதற்குள் பிக் டென் உறுப்பினராகிவிட்ட யூசிஎல்ஏ, அதே பிக் டென்னின் உறுப்பினரான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை இறுதிப் போட்டியில் வென்று ஆடவர் வாட்டர் போலோ பட்டத்தைப் பெற்றது. பிக் டென்னில் ஆடவர் வாட்டர் போலோ கிடையாது. இரண்டு அணிகளும் பழைய ஃபெடரேஷனிலேயே ஆடிக்கொண்டிருந்தன.

பட்டங்களை மட்டும் எண்ணாமல், ஒட்டுமொத்தத் திறனை அளக்க 1993-94 முதல் டைரக்டர்ஸ் கோப்பை வழங்கப்படுகிறது. தேசியப் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் பெற்ற இடத்துக்கு ஏற்பப் புள்ளி தரும் இந்த முறையில், இரண்டாம் இடமும் ஐந்தாம் இடமும் வீணாவதில்லை. முதல் ஆண்டு வட கரோலினா வென்றது. அதன்பின் 2018-19 வரை தொடர்ந்து 25 முறை ஸ்டான்ஃபோர்டு வென்றது. இதுவும் கல்லூரிகளுக்கான கோப்பைதான், கூட்டமைப்புகளுக்கானதன்று.

சுருக்கம்: ஒரு எண்ணைக் கேட்டவுடன், அது அணிப் பட்டமா, யார் வழங்கியது, எந்த விளையாட்டுகள் அதில் அடங்கும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண் எதையாவது சொல்லும்.

வென்றபோது எங்கிருந்தார்கள், இப்போது எங்கிருக்கிறார்கள்

கல்லூரி கூட்டமைப்பு மாறினால் அதன் பழைய பட்டங்கள் யாருக்கு? எண்ணுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பட்டம் வென்ற நாளில் கல்லூரி எந்தக் கூட்டமைப்பில் இருந்ததோ அதன் கணக்கில் வைப்பது ஒன்று. இன்றைய உறுப்பினர்கள் எப்போது வென்றவற்றையும் இன்றைய கூட்டமைப்பின் கணக்கில் வைப்பது மற்றொன்று. முதல் வழியே நேர்மையானது என்பது என் கருத்து. விளம்பரங்களில் இரண்டாவதும் தாராளமாகப் புழங்குகிறது.

ஆர்கன்சா பல்கலைக்கழக ஆடவர் அணி, உள்ளரங்கத் தடகளத்தில் 1984 முதல் 1995 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றது. முதல் எட்டுப் பட்டங்களின்போது அது சவுத்வெஸ்ட் கூட்டமைப்பில் இருந்தது. 1991-இல் எஸ்இசி கூட்டமைப்புக்கு மாறியதால் பின்னைய நான்கு எஸ்இசி கணக்கில் சேர்ந்தன. சவுத்வெஸ்ட் 1996-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே முதல் வழியில் அந்த எட்டும் இன்று இல்லாத ஒரு கூட்டமைப்பின் பெயரில் நிற்கின்றன. இரண்டாம் வழியில் பன்னிரண்டும் எஸ்இசிக்கு. யூட்டாவின் ஒன்பது ஜிம்னாஸ்டிக்ஸ் பட்டங்களும் இப்படியே. அந்தப் பல்கலைக்கழகம் 2011-இல்தான் பேக்-12-இல் சேர்ந்தது, 2024-இல் பிக் 12-க்குப் போய்விட்டது. முதல் வழியில் அந்த ஒன்பதும் இந்த இரண்டில் எதற்கும் உரியவையல்ல.

பேக்-12-இன் வரலாறே இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. 1915-இல் போர்ட்லண்டில் நான்கு பல்கலைக்கழகங்களுடன் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் கூட்டமைப்பு, வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் சிதைந்து 1959-இல் கலைந்தது. அதன் உறுப்பினர்களில் ஐந்து பல்கலைக்கழகங்கள் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கின. மற்றவை படிப்படியாக வந்து சேர்ந்தன. சட்டப்படி அது வேறு அமைப்பு. ஆனால் பழைய கூட்டமைப்பின் வரலாற்றையும் அது தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. பேக்-8, பேக்-10, பேக்-12 என்று பெயர் மாறியபோதும் பட்டக் கணக்கு தொடர்ந்தது.

2022 ஜூன் 30 அன்று யூசிஎல்ஏவும் தென் கலிபோர்னியாவும் பிக் டென்னுக்குச் செல்வதாக அறிவித்தன. காரணம் கால்பந்துக்கான தொலைக்காட்சி ஒளிபரப்புப் பணம். பிற விளையாட்டுகளில் குவிந்திருந்த நூற்றுக்கணக்கான பட்டங்களுக்கு அந்த முடிவில் எடையே இல்லை. 2023 கோடையில் மற்றவையும் விலகத் தொடங்கின. 2024-இல் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் சேர்ந்தன. அரிசோனாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள், கொலராடோ, யூட்டா ஆகியவை பிக் 12-இல் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அட்லான்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் சேர்ந்தன. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே எஞ்சின.

இப்போது இரண்டு வழிகளிலும் எண்ணிப் பார்க்கலாம். முதல் வழியில் பேக்-12 இன்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பட்டங்களின் உடைமையாளர். இரண்டாம் வழியில், எஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களின் என்சிஏஏ அணிப் பட்டங்கள் பத்தைக்கூடத் தொடுவதில்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 1961 குறுக்கு நாட்டு ஓட்டப் பட்டமும், 2006, 2007, 2018 ஆண்டுகளின் பேஸ்பால் பட்டங்களுமே அவற்றில் பெரும்பகுதி. ஒரே கூட்டமைப்பு, ஒரே ஆண்டு. எண்ணும் முறை மட்டும் வேறு.

வென்றபின் பறிக்கப்படும் பட்டங்கள் தனி வகை. விதிமீறல் நிரூபணமானால் பட்டம் ரத்தாகும். ஆனால் இறுதிப் போட்டியில் தோற்றவருக்கு அது மாற்றித் தரப்படுவதில்லை. லூயிவில் பல்கலைக்கழகத்தின் 2013 ஆடவர் கூடைப்பந்துப் பட்டம் இவ்வாறு ரத்தானது. அந்த ஆண்டுக்கு இப்போது சாம்பியனே இல்லை. வென்றபோது லூயிவில் பிக் ஈஸ்ட் கூட்டமைப்பில் இருந்தது, 2014-இல் ஏசிசிக்கு மாறியது. ரத்தான பட்டம் இரண்டு கணக்கிலும் வராது.

பேக்-12 தன் பெயரை வைத்துக்கொண்டு 2026 ஜூலையில் மறுபடி விரிவாகிறது. போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், கன்சாகா ஆகியவை அதில் சேர ஒப்புக்கொண்டுள்ளன. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 1998-இல் சாஃப்ட்பால் பட்டத்தையும் 2008-இல் பேஸ்பால் பட்டத்தையும், இரண்டையும் வேறொரு கூட்டமைப்பில் இருந்தபோது, வென்றிருக்கிறது. 2026-க்குப் பின் பேக்-12-இன் பட்ட எண்ணிக்கை எங்கேனும் கண்ணில் பட்டால், அந்த இரண்டு பட்டங்களும் யூசிஎல்ஏவின் பதினொரு கூடைப்பந்துப் பட்டங்களும் ஒரே தொகையில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இரண்டும் இருந்தால், எண்ணியவர் இரண்டு வழிகளையும் கலந்துவிட்டார் என்று பொருள்.